அத்தியாயம் 6: எர்த் கம்பிக்கு எட்டாத மின்னூட்டம்

பிளாஸ்டிக் ஃபிலிமில் அச்சிடும் ஒரு கிராவியூர் மெஷினை எடுத்துக்கொள்வோம். சட்டம், ரோலர்கள், மைத் தட்டு எல்லாவற்றுக்கும் எர்த் கொடுத்தாயிற்று. அளந்து பதிவேட்டிலும் எழுதியாயிற்று. அப்படியிருந்தும் சுருளுக்குப் பக்கத்தில் போகும் ஆபரேட்டரின் கைமுடி சிலிர்த்து நிற்கிறது. மெஷினைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. வெட்டிய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கின்றன. அச்சின் ஓரத்தில் மை மயிரிழை மயிரிழையாக வெளியே இழுத்துக்கொண்டு போகிறது. "எர்த் சரியில்லை" என்று எலக்ட்ரீசியனைக் கூப்பிடுகிறார்கள். அவர் இன்னொரு செம்புப் பட்டையைக் கட்டிவிட்டுப் போகிறார். ஒன்றும் மாறுவதில்லை.

மாறாது. பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன், பாலியெஸ்டர் போன்ற மின்காப்புப் பொருள்களை எர்த் செய்ய முடியாது. கம்பி தொட்ட புள்ளியில் இருக்கும் மின்னூட்டம் மட்டும் இறங்கும். ஒரு விரற்கடை தள்ளி இருப்பது அங்கேயே இருக்கும். உலோகத்தில் மின்னூட்டம் ஓடும். பிளாஸ்டிக்கில் அது களத்தில் காயப்போட்ட நெல்லைப்போல் விழுந்த இடத்திலேயே கிடக்கும், ஒரு மூலையில் அள்ளினால் மறு மூலை அசையாது. சால்வென்ட் ஆவி சூழ்ந்த இடத்தில் வேலை செய்கிறவர்கள் இந்த ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளாததால்தான் பல தீ விபத்துகள் நடக்கின்றன. உலோகத்துக்கான எர்த்திங்கைப் போன அத்தியாயத்தில் பார்த்தோம். அது கட்டாயம் வேண்டும். ஆனால் பிளாஸ்டிக் பரப்புக்கு வேறு வழி தேட வேண்டும், அதற்கு முதலில் அங்கே என்ன நிற்கிறது என்று தெரிய வேண்டும்.

மின்னூட்டம் ஏறும் விதம்

இரண்டு பரப்புகள் தொட்டுப் பிரியும்போது ஒன்று நேர் மின்னூட்டமும் மற்றது எதிர் மின்னூட்டமும் பெறுகின்றன. தேய்க்க வேண்டும் என்றுகூட இல்லை, தொட்டுப் பிரிந்தால் போதும். தேய்க்கும்போது தொடும் பரப்பு கூடுகிறது, அதனால் ஏறும் அளவும் கூடுகிறது. பாலிமர்களில் இடம் மாறுவது எலெக்ட்ரான்களா, அயனிகளா, பொருளின் நுண்துகள்களா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒரே கருத்து இல்லை. வேலைத்தளத்தில் நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: சுருளிலிருந்து ஃபிலிம் பிரியும் இடம், ரப்பர் உறை போட்ட அழுத்து ரோலரை விட்டு அது வெளியேறும் இடம், இந்த இரண்டும் மின்னூட்டம் பிறக்கும் இடங்கள். வேகமும் அழுத்தமும் கூடினால் அளவும் கூடும்.

மூன்றாவது ஓர் இடம் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மை பிடிப்பதற்காக ஃபிலிமுக்குக் கோரோனா ட்ரீட்மென்ட் கொடுக்கிறோம். பாலிஎத்திலீனின் பரப்பு ஆற்றலை அச்சுக்கு ஏற்றபடி 38 டைன் அளவுக்கு உயர்த்தும் அந்த மின்னிறக்கம், போகிற போக்கில் ஃபிலிமின்மேல் அயனிகளையும் தெளித்துவிட்டுப் போகிறது. ட்ரீட் செய்த சுருள் கிடங்கிலிருந்து வரும்போதே மின்னூட்டத்தோடு வரலாம்.

அளவு எவ்வளவு? ஒரு சதுர மீட்டருக்கு 10 மைக்ரோகூலும் என்பது அச்சுக்கூடத்தில் தொந்தரவு தரும் அளவு. பரப்பிலுள்ள அணுக்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அணுக்களுக்கு ஒரே ஓர் எலெக்ட்ரான் கூடியோ குறைந்தோ இருக்கிறது, அவ்வளவுதான். கண்ணுக்கும் தெரியாது, எந்த வேதிச் சோதனைக்கும் எளிதில் அகப்படாது. ஆனால் அந்த மின்னூட்டம் காற்றில் உண்டாக்கும் மின்புலம் சாமானியமானதன்று. உலோகம் எதுவும் அருகில் இல்லாமல் அந்தரத்தில் நீண்டிருக்கும் ஃபிலிமின் இரு பக்கமும் மின்புலம், பரப்படர்த்தியை வெற்றிட விடுதிறனின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். கணக்குப் போட்டால் சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 5.6 கிலோவோல்ட் வருகிறது.

காற்று தாங்கும் எல்லை சென்டிமீட்டருக்குச் சுமார் 30 கிலோவோல்ட். அதைத் தாண்டினால் காற்றே அயனியாகிக் கடத்தத் தொடங்கும். ஆகவே அந்தரத்தில் நிற்கும் ஃபிலிமில் சதுர மீட்டருக்குச் சுமார் 53 மைக்ரோகூலுமுக்கு மேல் நிலையாகத் தங்க முடியாது. இந்த உச்சவரம்பை விதிப்பது காற்று. பிளாஸ்டிக் இதைவிட எவ்வளவோ தாங்கும். மெல்லிய பாலிப்ரொப்பிலீன் ஃபிலிமின் மின்காப்பு வலிமை காற்றைப்போல் நூறு மடங்குக்கும் மேல். பொறி எப்போதும் காற்றில்தான் பறக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

கட்டுறா மின்னூட்டமும் கட்டுண்ட மின்னூட்டமும்

மின்காப்புப் பொருளை மின்புலத்துக்குள் வைத்தால் அதன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நேர்ப் பகுதி ஒரு பக்கமும் எதிர்ப் பகுதி மறுபக்கமும் சற்றே விலகுகின்றன. இதுதான் முனைவாக்கம். பொருளின் உள்ளே அடுத்தடுத்த மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஈடுகட்ட அண்டை இல்லாத இடம் பரப்பு மட்டும்தான். அதனால் ஒரு முகத்தில் நேர், மறுமுகத்தில் எதிர் என்று மின்னூட்டம் தோன்றுகிறது. இது மூலக்கூறோடு கட்டுண்டது. சுரண்டியெடுக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது. வெளிப்புலம் நீங்கினால் தானே மறையும். தொட்டுப் பிரிந்ததாலோ கோரோனாவாலோ வந்து ஏறியதோ கட்டுறா மின்னூட்டம். நமக்குத் தொல்லை தருவது அதுதான்.

தகடுகளுக்கு இடையில் எந்தப் பொருளை வைக்கிறோம் என்பதைப் பொறுத்து மின்தேக்கி ஏற்கும் மின்னூட்டம் மாறுவதை மைக்கேல் ஃபாரடே 1837-இல் அளந்து காட்டினார். அந்த மாற்றத்தின் அளவைத்தான் ஒப்புமை விடுதிறன் என்கிறோம். காற்றுக்கு ஏறக்குறைய 1, பாலிப்ரொப்பிலீனுக்கு 2.2, பாலிஎத்திலீனுக்கு 2.3, பாலியெஸ்டருக்கு 3-ஐ ஒட்டி, கண்ணாடிக்கு வகையைப் பொறுத்து 5 முதல் 10, தண்ணீருக்கு 80. எண் கூடக்கூட முனைவாக்கம் கூடும், பொருளுக்குள் மின்புலம் குறையும்.

வேலைத்தளத்தில் இதிலிருந்து இரண்டு காரியங்கள் விளங்கும். ஃபிலிமில் தூசி வந்து ஒட்டுகிறதே, அந்தத் தூசிக்கு மின்னூட்டம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஃபிலிமின் புலம் தூசியை முனைவாக்கி, அருகிலுள்ள முகத்தை அதிகமாக இழுத்து, தொலைவிலுள்ள முகத்தைக் குறைவாகத் தள்ளி, மொத்தத்தில் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆகவே அறையை எவ்வளவு பெருக்கினாலும் ஃபிலிமின் மின்னூட்டம் இறங்காதவரை கடைசித் தூசியும் அங்கேதான் வந்து சேரும். இரண்டாவது, மின்புலம் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும்போது, பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய மெல்லிய காற்றுப் படலத்தில் புலம் பிளாஸ்டிக்குக்குள் இருப்பதைவிட 2.2 மடங்கோ 2.3 மடங்கோ அதிகமாக இருக்கும். தாங்கும் திறன் குறைந்த காற்றின்மேல்தான் அதிகச் சுமை விழுகிறது. சுருளைப் பிரிக்கும்போது இருட்டில் நீல மினுக்கமும் படபடவென்ற ஓசையும் வருவது அந்தக் காற்றுப் படலம் முறிவதால்தான். உயர்மின்னழுத்தக் கேபிள்களின் காப்புக்குள் ஒரு சிறு காற்றுக் குமிழி இருந்தாலும் வருடக்கணக்கில் அரித்துக் கேபிளைக் கெடுப்பதற்கும் காரணம் இதுவே.

10 வோல்ட்டும் 11,000 வோல்ட்டும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். நிலைமின் குறித்து அச்சுக்கூடங்களில் நடக்கும் தவறான அளவீடுகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன.

20 மைக்ரான் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம். அதன் மேல்முகத்தில் சதுர மீட்டருக்கு 10 மைக்ரோகூலும் மின்னூட்டம். அந்த ஃபிலிம் எர்த் செய்த எஃகு ரோலர்மேல் படிந்து ஓடுகிறது. இப்போது ரோலரின் பரப்பில் அதற்குச் சமமான எதிர்வகை மின்னூட்டம் தூண்டப்பட்டு வந்து நிற்கும். மின்புலம் முழுவதும் அந்த 20 மைக்ரான் தடிப்புக்குள் அடங்கிவிடும். வெளியே ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஃபிலிமின் மேல்முகத்துக்கும் ரோலருக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு எவ்வளவு என்று கணக்கிட்டால் சுமார் 10 வோல்ட்தான் வருகிறது. டார்ச் பேட்டரிகள் சிலவற்றைச் சேர்த்தால் வரும் அளவு.

அதே ஃபிலிம் ரோலரை விட்டு ஒரு சென்டிமீட்டர் விலகட்டும். மின்னூட்டம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் இப்போது புலம் அந்த ஒரு சென்டிமீட்டர் காற்றைக் கடந்தாக வேண்டும். மின்னழுத்தம் 11,000 வோல்ட்டைத் தாண்டிவிடும். கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வந்தது? ஒன்றையொன்று ஈர்க்கும் மின்னூட்டங்களைப் பிரித்து இழுத்த மோட்டாரிலிருந்து வந்தது.

ஆகவே, "இந்த ஃபிலிமில் எத்தனை வோல்ட்?" என்ற கேள்விக்கு, எங்கே வைத்து அளந்தோம் என்று சொல்லாமல் விடை கிடையாது. புல அளவியைக் கையில் எடுத்துக்கொண்டு ரோலருக்கு நேரே நீட்டி, "பூஜ்யம் காட்டுகிறது, பிரச்சினை இல்லை" என்று எழுதி வைப்பவர்கள் உண்டு. அந்த அளவுக்குப் பொருளே இல்லை. அளவியை இரண்டு ரோலர்களுக்கு நடுவே ஃபிலிம் அந்தரத்தில் ஓடும் இடத்தில்தான் பிடிக்க வேண்டும். பின்னால் சட்டமோ குழாயோ பக்கத்தில் இருக்கக் கூடாது. அளவி எந்தத் தூரத்துக்குச் சீர்செய்யப்பட்டதோ அந்தத் தூரத்தில், பல கருவிகளில் அது 25 மில்லிமீட்டர், அசையாமல் பிடிக்க வேண்டும். அளவிக்கும் அதைப் பிடிப்பவருக்கும் எர்த் இருக்க வேண்டும். ஃபிலிமின் ஓரத்தில் பிடித்தால் குறைத்துக் காட்டும், நடுவில் பிடியுங்கள்.

அந்தரத்தில் பிடித்தும் பூஜ்யம் வந்தால்? மேல்முகத்தில் நேரும் கீழ்முகத்தில் அதே அளவு எதிரும் இருந்தாலும் வெளியே புலம் தெரியாது. அப்படிப்பட்ட ஃபிலிம் சுருளில் ஒழுங்காகத்தான் சுற்றிக்கொள்ளும், பிரிக்கும்போதுதான் வேலையைக் காட்டும். லேமினேஷன் செய்யும் இடங்களில் இதை எதிர்பார்க்கலாம். மல்டிமீட்டரால் இதில் எதையும் அளக்க முடியாது. அதன் முனை ஒரு புள்ளியை மட்டும் தொடுகிறது, தொட்ட கணமே அங்கிருந்ததை இறக்கியும் விடுகிறது.

மின்னூட்டம் எப்படிப் பரவிக் கிடக்கிறது என்று கண்ணால் பார்க்க விரும்பினால் பழைய வழி ஒன்று உண்டு. கேர்டிங்கன் பல்கலைக்கழகத்தில் லிச்டன்பெர்க், 1777-இல், மின்னூட்டம் பெற்ற பிசின் பலகையில் படிந்த தூள் நட்சத்திரமும் கிளையுமாக உருவம் கொள்வதைக் கண்டார். செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் எடுத்த முதல் ஜெராக்ஸ் நகல், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டில் நின்ற மின்னூட்டத்தின்மேல் தூள் தூவி உருவானதே. நீங்களும் வெட்டியெடுத்த ஃபிலிம் துண்டின்மேல் பழைய டோனர் தூளை லேசாகத் தூவிப் பாருங்கள். மின்னூட்டம் சீராகப் பரவியிருக்காது; பட்டை பட்டையாகவும் புள்ளி புள்ளியாகவும், பொறி பறந்த இடங்களில் கிளை விரித்தும் இருக்கும். சால்வென்ட் இல்லாத தனி அறையில், முகக்கவசம் அணிந்துகொண்டு செய்ய வேண்டிய சோதனை இது. அச்சு மெஷின் அருகே ஒருபோதும் செய்யாதீர்கள்.

எவ்வளவு நேரம் நிற்கும்

விடுதிறனையும் மின்தடை எண்ணையும் பெருக்கினால் ஒரு கால அளவு கிடைக்கும். அந்த நேரத்துக்குள் மின்னூட்டம் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய அளவுக்கு இறங்கும். நல்ல பாலிப்ரொப்பிலீனுக்கு அது ஐந்து மணி நேரத்துக்கு மேல், சில வகைகளுக்கு இரண்டு நாளுக்கும் மேல். ராத்திரி நிறுத்திய மெஷினில் காலையில் கை வைத்தவருக்கு ஷாக் அடிப்பதில் அதிசயம் ஏதுமில்லை.

திரவங்களுக்கும் இதே கணக்குத்தான். டொலுவீன் மிகக் குறைவாகவே கடத்தும், குழாயில் ஓடும்போது பெற்ற மின்னூட்டம் இறங்கப் பத்து வினாடிகள் கணக்கில் ஆகும். எத்தில் அசிட்டேட்டும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நன்றாகக் கடத்துபவை. எர்த் செய்த உலோகப் பாத்திரத்தில் இருந்தால் அவற்றின் மின்னூட்டம் கண நேரத்தில் இறங்கிவிடும். பிளாஸ்டிக் டிரம்மில் ஊற்றினால் இந்த நன்மை போய்விடும். திரவம் கடத்தினாலும் வெளியேற வழி இல்லையே.

பருத்தியும் மரமும் காகிதமும் ஈரத்தை உறிஞ்சும் பொருள்கள். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் நிற்காது, 30 சதவீதத்துக்குக் கீழே போனால் அவையும் காப்புப் பொருள்களாகவே நடந்துகொள்ளும். கோயம்புத்தூர் வட்டார நூற்பாலைகளில் ஈரப்பதத்துக்கென்றே தனி அமைப்பு ஓடுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. பாலிப்ரொப்பிலீனும் பாலிஎத்திலீனும் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. ஈரக்காற்று அங்கேயும் ஓரளவு உதவும், ஆனால் உலர்த்தும் அறையிலிருந்து சூடாக வெளிவரும் ஃபிலிமின்மேல் ஈரம் படியாது. ஈரப்பதத்தை மட்டும் நம்பிச் சால்வென்ட் வேலை செய்வது சரியன்று.

தீப்பிடிக்கும் விதம்

டொலுவீன் ஆவி காற்றோடு சரியான விகிதத்தில் கலந்திருந்தால் அதைப் பற்றவைக்கக் கால் மில்லிஜூல் ஆற்றல் போதும். பெட்ரோல் ஆவிக்கும் ஏறத்தாழ அதே அளவு. ஹைட்ரஜனுக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

மின்னூட்டம் பெற்ற பிளாஸ்டிக்கிடம் விரலையோ ஸ்பேனரையோ கொண்டுபோனால், பரப்பின் சிறு பகுதியில் இருப்பது மட்டும் விசிறிபோல் விரிந்து பாயும். முழுப் பரப்பும் ஒரே பொறியில் இறங்காது. ஓடாத மின்னூட்டத்தால் வரும் ஒரே நன்மை இதுதான். ஆனாலும் இந்தத் தூரிகை மின்னிறக்கம் 4 மில்லிஜூல் வரையிலான பொறிக்குச் சமமாக ஆவியைப் பற்றவைக்க வல்லது. சால்வென்ட் ஆவிக்கு இது தாராளம்.

இதைவிட அதிகமாக நடப்பது வேறொன்று. பிளாஸ்டிக் நேராகப் பொறி விடாமல், அருகிலுள்ள எர்த் இல்லாத கடத்தி ஒன்றின் வழியாக விடும். 1775-இல் வோல்ட்டா பிரபலப்படுத்திய எலெக்ட்ரோஃபோரஸ் இதையேதான் செய்தது. பிசின் வட்டில் ஒரு தடவை தேய்க்கப்பட்டது. அதன்மேல் உலோகத் தட்டை வைத்து, விரலால் தொட்டு, தூக்கினால் தட்டில் மின்னூட்டம். மறுபடி வைத்து, தொட்டு, தூக்கினால் மறுபடியும். பிசினில் இருந்தது குறையவே இல்லை. உங்கள் மெஷினில் பிசின் வட்டின் இடத்தில் ஃபிலிம் சுருள் இருக்கிறது. உலோகத் தட்டின் இடத்தில் ஆபரேட்டர் நிற்கிறார்.

நடப்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். ரப்பர் அடிப்பாகம் கொண்ட செருப்போடு ஆபரேட்டர் சுருளின் அருகே வந்து நிற்கிறார். சுருளின் புலம் அவர் உடலில் உள்ள மின்னூட்டங்களைப் பிரிக்கிறது. அந்த நிலையில் மெஷின் சட்டத்தைத் தொடுகிறார், ஒரு பொறி. இப்போது அவர் உடலில் ஒருவகை மின்னூட்டம் மிஞ்சி நிற்கிறது. சுருளை விட்டு விலகி மைத் தட்டுப் பக்கம் போகிறார். தட்டின் விளிம்பைத் தொடுகிறார், இரண்டாவது பொறி, இந்தத் தடவை ஆவிக்குள். மனித உடலின் மின்தேக்குத்திறன் 150 பிக்கோஃபாரட் என்றும் மின்னழுத்தம் 10 கிலோவோல்ட் என்றும் கொண்டால் ஆற்றல் 7.5 மில்லிஜூல். தேவைப்படுவதைப்போல் முப்பது மடங்கு. 3 கிலோவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலோர் பொறியை உணர்வதே இல்லை. உணராத பொறியும் பற்றவைக்கும். பிளாஸ்டிக் டிரம்மின் வாயில் செருகிய தகரப் புனல், பிளாஸ்டிக் கேனின் உலோக மூடி, கைப்பிடிக் கம்பி, மரப்பலகைமேல் வைத்த இரும்பு வாளி எல்லாம் இதே பட்டியலில் சேரும்.

இன்னொரு வகை மின்னிறக்கம் அபூர்வமானது, ஆனால் கொடியது. மெல்லிய காப்புப் படலத்தின் பின்புறம் உலோகம் ஒட்டியிருந்தால் புலம் படலத்துக்குள் அடங்கிவிடுகிறது என்று பார்த்தோம். அதனால் காற்று விதித்த 53 மைக்ரோகூலும் வரம்பு அங்கே செல்லாது. உள்ளே பிளாஸ்டிக் பூசிய இரும்புக் குழாயில் தூள் வேகமாகப் பாயும்போது சதுர மீட்டருக்கு 250 மைக்ரோகூலுமுக்கு மேலும் சேரலாம். அரை மில்லிமீட்டர் பாலிப்ரொப்பிலீன் படலத்தில் ஒரு சதுர மீட்டருக்கு அப்போது சேமிப்பாகும் ஆற்றல் சுமார் 0.8 ஜூல். படலத்தில் ஓரிடத்தில் ஓட்டை விழுந்தாலோ யாராவது தொட்டாலோ, பரப்பெங்கும் ஓடிவந்து மொத்தமும் ஒரே இடத்தில் இறங்கும். ஆளைத் தூக்கியெறியும் அளவு ஷாக். ஆவியையும் பற்றவைக்கும், தூளையும் பற்றவைக்கும். உட்பூச்சு 4 கிலோவோல்ட்டுக்குள் தானே முறிந்துவிடும் தரத்தில் இருந்தால் இந்த அளவு சேராது. தூள் கடத்தும் குழாய்களுக்குத் தடித்த பிளாஸ்டிக் பூச்சு போடச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

கடத்திகளை முதலில் முடியுங்கள். உலோகம் அனைத்தும், ஆள்கள் அனைவரும். உலோகங்களுக்கிடையே 10 ஓமுக்குள் இருப்பது நல்ல இணைப்புக்கு அடையாளம், நிலைமின் இறங்க மட்டும் என்றால் 10 லட்சம் ஓம்கூடப் போதும். ஆள்களுக்கு மின்னூட்டம் கசியவிடும் காலணியும் அதற்கேற்ற தரையும் வேண்டும், இரண்டும் சேர்ந்து 10 கோடி ஓமுக்குள். காலணி வாங்கிக் கொடுத்துவிட்டுத் தரையில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டால் பயனில்லை. பெயின்டும் மையும் படிந்து காய்ந்த தரையும் காப்புத் தரைதான்.

பிறகு ஃபிலிம். ஓடாத மின்னூட்டத்தை நாம் இறக்க முடியாது, எதிர்வகை அயனிகளை அதன்மேல் கொண்டுபோய்ச் சேர்த்து ஈடுகட்டத்தான் முடியும். எளிய கருவி எர்த் செய்த டின்செல் அல்லது நுண்ணிழைத் தூரிகை. ஃபிலிமின் புலமே அந்தக் கூர்முனைகளில் காற்றை அயனியாக்கி, வேண்டிய வகை அயனியைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், செலவும் குறைவு. ஆனால் புலம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் அயனியாக்கம் நின்றுவிடும், சில கிலோவோல்ட் மிஞ்சியே நிற்கும். எல்லாவற்றையும் ஈடுகட்ட வேண்டுமானால் உயர்மின்னழுத்தத்தில் ஓடும் அயனைசர் பார் வேண்டும். ஆவி உள்ள இடத்தில் அதற்கென்று சான்று பெற்றதை மட்டுமே பொருத்த வேண்டும். சான்றில்லாத பார் தானே ஒரு தீப்பொறிக் கருவி.

எங்கே பொருத்துவது? பல மெஷின்களில் நான் பார்ப்பது, இடம் வசதியாக இருக்கிறது என்று ரோலருக்கு நேரே மேலே பொருத்தியிருப்பார்கள். அங்கே புலம் ஃபிலிமுக்குள் அடங்கிக் கிடக்கிறது, பாரின் அயனிகளை இழுக்க வெளியே ஒன்றுமில்லை. காசு வீண். ஃபிலிம் ரோலரை விட்டு விலகி அந்தரத்தில் ஓடும் இடத்தில், ரப்பர் ரோலரைத் தாண்டிய பிறகு, மைத் தட்டுக்கு முன்னால் பொருத்துங்கள். சுற்றும் சுருளுக்கு முன்னால் இன்னொன்று வேண்டும். மாறுமின்னோட்டத்தில் ஓடும் பாரானால் ஒரு கணக்கையும் பாருங்கள்: நிமிடத்துக்கு 300 மீட்டர் வேகத்தில் ஓடும் ஃபிலிம், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றுக்குள் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பார் மிக நெருக்கமாக இருந்தால் நேர்ப்பட்டை, எதிர்ப்பட்டை என்று மாற்றி மாற்றிப் பூசிவிட்டுப் போகும். தயாரிப்பாளர் சொன்ன தூரத்தைக் கடைப்பிடியுங்கள்.

ஊசிகளைத் துடைக்க வேண்டும். மைத் தூசி மூடிய ஊசி அயனி தராது, பார்ப்பதற்கு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகே துடையுங்கள்.

நிலைமின் எதிர்ப்பு மருந்து கலந்த ஃபிலிம் கிடைக்கிறது. மருந்து மெல்ல மேற்பரப்புக்கு வந்து காற்றின் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் பரப்புத் தடை 10¹¹ ஓமுக்குக் கீழே இறங்கும். வறண்ட காற்றில் இதன் திறன் குறையும். அச்சுப் பிடிப்பையும் லேமினேஷன் ஒட்டையும் அது பாதிக்கக்கூடும் என்பதால் உங்கள் மையோடு சோதித்த பிறகே வாங்குங்கள்.

சால்வென்ட் கையாளும் இடத்தில் மூன்று பழக்கங்களை அடியோடு நிறுத்த வேண்டும். பிளாஸ்டிக் பையிலிருந்து தூளைச் சால்வென்ட் உள்ள பாத்திரத்துக்குள் உதறிக் கொட்டுவது முதலாவது. பை காலியாகும் அந்த நொடியில் அதன் உட்பரப்பு முழுவதும் மின்னூட்டம், கீழே ஆவி. பிளாஸ்டிக் வாளியையும் மூடியையும் உலர்ந்த துணியால் தேய்த்துத் துடைப்பது இரண்டாவது. டிரம்மின் வாயிலிருந்து திரவத்தை அருவியாக விழவிடுவது மூன்றாவது. குழாய் டிரம்மின் அடிவரை இறங்கியிருக்க வேண்டும், அதன் முனை திரவத்தில் மூழ்கும்வரை வேகம் வினாடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது. டொலுவீன் போன்றவற்றைப் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் வாங்காதீர்கள், உலோக டிரம்மில் வாங்குங்கள்.

மின்னூட்டம் நிற்பதே வேண்டும் என்ற இடமும் இருக்கிறது. என்95 முகக்கவசத்தின் நடு அடுக்கு, மின்னூட்டம் ஏற்றிய பாலிப்ரொப்பிலீன் இழைகளால் ஆனது. தூசி அறையில் நீங்கள் அணிவதும் பெரும்பாலும் அதுதான். ஃபிலிமில் நமக்குத் தொல்லையாக இருக்கும் குணமே அங்கே நுண்துகளைப் பிடித்து நிறுத்துகிறது. ஆல்கஹால் தெளித்தாலோ சோப்பில் துவைத்தாலோ அந்தத் திறன் போய்விடும். துவைத்து மறுபடி கொடுக்கும் வழக்கம் உங்கள் ஆலையில் இருந்தால் நிறுத்துங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். ஃபிலிம் பிரியும் இடத்துக்குப் பின், அயனைசருக்கு முன், அயனைசருக்குப் பின் என்று மூன்று இடங்களில் அளந்த அளவு, அன்றைய ஈரப்பதம், ஃபிலிமின் வகை, வேகம், இவ்வளவும் ஒரே வரியில் இருக்கட்டும். அயனைசருக்குப் பின் உள்ள அளவு வழக்கத்தைவிட ஏறினால் மெஷினை நிறுத்தி ஊசிகளைப் பாருங்கள். மழைக்காலத்தில் எடுத்த அளவை நம்பிக் கோடையில் மெஷின் ஓட்டாதீர்கள். வறண்ட காற்று வீசத் தொடங்கும் முதல் வாரத்திலேயே எல்லா இடங்களையும் புதிதாக அளந்துவிடுங்கள்.